கண்டக்டர் கொண்டுவந்த மெட்டு

நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து வந்து, "கிட்டார் கிளாஸ் ஆரம்பிச்சிருக்கோம் சார், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான். அரியலூரில் இரண்டு பேர், பெரம்பலூரில் நான்கு பேர். ஒரே சந்தையில் கடை போட்டவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்து, கடையை மூடியவனிடம் யோசனை கேட்பார்களா? என்னிடம் மிச்சம் இருக்கும் மாணவர்களின் போன் நம்பர்தான் வேண்டுமோ என்று நினைத்தேன். அது என்னிடம் இல்லை. இடது கை விரல் மூட்டு மடங்க மாட்டேன் என்று சொன்ன அன்றே எல்லோரையும் அனுப்பிவிட்டேன். அனுபவம் மட்டும்தான் மிச்சம், அதை எழுதுகிறேன்.

என்னைச் சரியாகத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. இன்னிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தேன். பிறகு அரியலூரில் என் வீட்டு முன்னறையிலேயே வகுப்பு நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கான பங்குக் கோயிலின் பாடகர் குழுவுக்கு வாசித்தேன், அவர்களுக்குப் புதுப் பாட்டும் போட்டுக் கொடுத்தேன். இந்த மூன்று வேலையிலும் நான் எவரையும் நம்பியதில்லை. என் மனைவி பால்காரரை நம்பிப் பாலை வாங்கி அப்படியே அடுப்பில் வைப்பார். நான் ஒரு சொட்டை விரல் நகத்தில் விட்டுப் பார்த்த பிறகுதான் பாத்திரத்தைக் கொடுப்பேன்.

சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இந்தக் குணம் உதவும். பயிற்சி செய்யாமல் வருகிற மாணவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்கவே வேண்டாம், அவனே சொல்லுவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சார், இந்த வாரம் தெனம் ரெண்டு மணி நேரம் வாசிச்சேன் சார்" என்பான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். லப்பைக்குடிக்காட்டில் இருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்துகொண்டிருந்தான். வாப்பா துபாயில் இருந்து வாங்கி அனுப்பிய அருமையான கிட்டார் வைத்திருந்தான். மூன்று மாதமாக அந்த இரண்டு மணி நேரத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் இடது கையைப் பிடித்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தேன். காய்ப்பே இல்லை, குழந்தை விரல் மாதிரி இருந்தது. "ரெண்டு மணி நேரம் எதால வாசிச்ச, மூக்காலயா?" என்றேன். சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னான். வாசிப்பது இருபது நிமிடம், மிச்ச நேரம் யூடியூபில் மற்றவர்கள் வாசிப்பதைப் பார்ப்பது. அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இருபது நிமிடம் போதும். ஆனால் அந்த இருபது நிமிடமும் நன்றாக வராத இடத்தை வாசிக்க வேண்டும். நன்றாக வருகிற இடத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பது பயிற்சி இல்லை, சொறிந்துகொள்கிற சுகம்.

என் சந்தேகம் என்னையே கவிழ்த்ததும் உண்டு. எறையூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. கரும்பு வெட்டு நேரம், கூட்டம் நன்றாக இருந்தது. முதல் பாட்டிலேயே சுதி சேரவில்லை. கீபோர்டுக்காரர் மீதுதான் எனக்குச் சந்தேகம். சுதியை மாற்றும் பட்டனைத் தெரியாமல் அழுத்தி வைத்திருப்பார் என்று முடிவு கட்டி, இரண்டு பாட்டு முழுக்க அவரை முறைத்தேன். மைக் இருப்பதையும் மறந்து, "பட்டனப் பாருய்யா" என்று கத்திவிட்டேன். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது பாட்டுக்குக் கைமாற்றும்போதுதான் கண்டேன், சுதியை ஏற்றுவதற்காக என் கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ இரண்டாம் கட்டத்தில் இருக்க வேண்டியது மூன்றாம் கட்டத்தில் இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியாமல் போனது என் கைக்கு அரை ஜாண் தள்ளி, என் கண் முன்னே இருந்தது. அன்றிலிருந்து மேடை ஏறும் முன் கேப்போவை மூன்று தடவை பார்ப்பேன். கேப்போ விஷயத்தில் மட்டும்தான் புத்தி வந்தது.

மற்ற விஷயத்தில் வராத புத்திக்கு நான் கொடுத்த விலையை இனிச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். மாணவர் உள்ளே வந்து முன்னறையில் உட்கார்ந்து, சுதி சேர்த்து, விரலைச் சூடாக்கிக்கொள்ளும் முதல் இரண்டு நிமிடத்தை ஒரு பழைய போனில் பதிவு செய்வேன். பதிவை ஓட விட்டு நான் உள்ளே டீ போடப் போய்விடுவேன். நான் எதிரே உட்கார்ந்திருந்தால் அவர்கள் எனக்காக வாசிப்பார்கள். நான் இல்லாதபோது வாசிப்பதுதான் அவர்களின் உண்மையான தரம். ஒவ்வொருவர் பெயரிலும் மாதம் போட்டு கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பேன். "ஒன்னும் முன்னேறவே இல்லையே சார்" என்று யாராவது சண்டைக்கு வந்தால், ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவைப் போட்டுக் காட்டுவேன். இதை நீங்களும் செய்யுங்கள். மற்றபடி அந்தப் பதிவுகளை நான் உட்கார்ந்து கேட்டது கிடையாது.

அடைக்கலராஜ் என்ற பஸ் கண்டக்டர் என்னிடம் இரண்டு வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தார். அரியலூரில் இருந்து செந்துறை போகும் பஸ்ஸில் வேலை. வயது நாற்பத்தேழு. எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான், டியூட்டி நேரம் ஒத்துவராததால் பாடகர் குழுவில் இல்லை. புதன்கிழமை தோறும் காக்கிச் சட்டையோடு நேராக வகுப்புக்கு வருவார். அந்த வயதில் விரல் சீக்கிரம் வளையாது. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து ஆறு கம்பியையும் அழுத்தி, பல சுரத்தைச் சேர்த்து ஒலிக்க வேண்டிய எஃப் கார்டு அவருக்குக் கடைசி வரை வரவில்லை. அந்த இடம் வந்தால் கார்டை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பியில் அந்தச் சுரத்தை மட்டும் தட்டிவிட்டுப் போவார். இதை ஏமாற்று வேலை என்று நான் திட்டுவேன். "கூட்டத்துல எல்லாருக்கும் எடம் குடுக்க முடியல சார், ஒருத்தர மட்டும் ஏத்திக்கிட்டேன்" என்பார்.

நான் ஒரு பாட்டுப் போட்டேன். மாதா திருவிழாவுக்கு, பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில். ஒரே சாயங்காலத்தில் மெட்டு முழுதாக வந்துவிட்டது. வழக்கமாக எனக்கு ஒரு பாட்டு வர மூன்று வாரம் ஆகும், மனைவியிடம் மூன்று சண்டையும் ஆகும். இது தண்ணீர் மாதிரி வந்தது. ஜி ஸ்கேலில் போகிற மெட்டு, எஃப் ஷார்ப் வர வேண்டிய ஒரு இடத்தில் சட்டென்று எஃப் சுரத்துக்கு இறங்கி ஏறும். ஸ்கேலில் இல்லாத சுரம். கேட்டால் நெஞ்சை ஒரு பிடி பிடிக்கும். அதற்குக் கீழே எஃப் கார்டைப் போட்டு, நம் கை இவ்வளவு வருஷம் கழித்தும் புதிதாக ஒன்று செய்கிறதே என்று பூரித்துப் போனேன். பாலை நகத்தில் விட்டுப் பார்க்கிற நான், அந்த மெட்டை ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை.

ஆகஸ்டில் பாடகர் குழுவுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். திருவிழாப் பாட்டுத்தாளில் என் பெயரோடு அச்சுக்கும் போனது. கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பங்கு மன்றத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அன்று காலைப் பூசையில் அடைக்கலராஜின் மகளுக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசிப்பது வழக்கம், அதைத்தான் ஓலை என்போம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் கிட்டார் உறையோடு அவர் மன்றத்துக்குள் வந்தார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம். பொண்ணு கல்யாணத்துக்குக் காணிக்கைப் பாட்டு ஒன்னு போட்டிருக்கேன். கேட்டுட்டு, நல்லாருந்தா அன்னைக்கு நீங்க வாசிக்கணும். நான் பாடிடுறேன்."

"நீங்களா போட்டீங்க?"

"ஆமா சார். பொண்ணு கேட்டுச்சு. எங்கப்பா பாட்டுதான் வேணும்னு ஒத்தக் காலுல நிக்குது."

உட்கார்ந்து பாடினார். முதல் வரி முடியும் முன்பே குழுவில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வரியில் அந்த எஃப் வந்தது. இறங்கி ஏறியது. குழுவில் ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்து, "அண்ணே, இது நம்ம திருவிழாப் பாட்டுல்ல?" என்றாள். பாட்டு நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறாள் என நினைத்து அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"இத எங்க கேட்டீங்க?" என்றேன்.

"கேக்கல சார். பஸ்ல டிக்கெட் போட்டுட்டு வரும்போது தோணுனது. கொஞ்சம் கொஞ்சமா சேத்தேன்."

"பஸ்ல தோணுச்சா, இல்ல பஸ்ல யாராச்சும் போன்ல போட்டுக் கேட்டாங்களா?"

அவருக்கு இன்னும் புரியவில்லை. ஒத்திகையைப் போனில் எடுக்கக்கூடாது என்று நான் ஆயிரம் தடவை சொல்லியும் இரண்டு பேர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதில் ஒருவர் செந்துறைப் பக்கம் வேலைக்குப் போகிறவர். என் தலைக்குள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சந்தேகக்காரனுக்கு அதுதான் ஆபத்தான நேரம்.

"எல்லாப் பாட்டும் அதே நாலு கார்டுதான்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க" என்றார், மெதுவாக.

"கார்டு ஒன்னா இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. மெட்டு ஒன்னா இருக்கே! நான் எறக்குன எடத்துல எறக்கி, ஏத்துன எடத்துல ஏத்தியிருக்கீங்க. எங்கிட்டயே கத்துக்கிட்டு எங்கிட்டயே கொண்டாந்து விக்கிறீங்களா?"

மன்றத்தில் இருந்த இருபது பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அடைக்கலராஜ் கிட்டாரை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நீங்க போட்டதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்" என்றார்.

"தெரியாமத்தான் எல்லாரும் எடுக்குறாங்க" என்றேன்.

அவர் கிட்டாரை உறைக்குள் வைத்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, திறந்த உறையை அப்படியே நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த புதன்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தான் வழியில் பயம் என்று மனைவியிடம் சொன்னேன். பாடகர் குழுவில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் உண்டு, அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவர்தான் வெள்ளிக்கிழமை போன் செய்தார்.

"சார், தப்பா நெனக்காதீங்க. அவரு முழிச்சது திருட்டு முழி மாதிரி இல்ல. எத்தன பிள்ளைங்கள காப்பி அடிச்சுப் புடிச்சிருக்கேன், எனக்குத் தெரியும்."

"மெட்டு அப்படியே இருக்கே டீச்சர்."

"ரெண்டு பேப்பர் ஒரே மாதிரி இருந்தா, யாரு யாரப் பாத்து எழுதுனாங்கன்னு அதுல எழுதியிருக்காது சார். நீங்க எப்பப் போட்டீங்க, அவரு எப்பப் போட்டாரு? அதுக்கு ஏதாச்சும் ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதம் போட்டு அடுக்கி வைத்திருக்கிறேனே! ஆகஸ்டில் என் ஒத்திகை தொடங்கிய பிறகுதான் அந்த மெட்டு அவர் விரலுக்கு வந்தது என்று காட்டிவிட்டால் டீச்சர் வாயை மூடிவிடலாம். சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து அவர் பெயரைத் தேடி எடுத்தேன்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் மெட்டு இருந்தது. சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஜூலையிலும் இருந்தது. ஜூலையில் நான் இன்னும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சரி, நான் வீட்டில் வாசித்ததை வாசலில் நின்று கேட்டிருப்பார். ஜூனில் இருந்தது. அப்போதும் அதையே நினைத்தேன். பிறகு மே மாதத்தைத் திறந்தேன். மே மாதம் நான் பாட்டே போடவில்லை.

மே மாதப் பதிவில் அவர் முதல் இரண்டு வரியையும் முழுதாக வாசிக்கிறார். எஃப் வரும் இடத்தில் கார்டு இல்லை, ஒற்றைக் கம்பி மட்டும். தப்பாகப் போகிறது, திரும்ப வாசிக்கிறார். பின்னால் சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்கிறது. அதோடு சேர்ந்து ஒரு குரல், அவர் வாசிக்கிற மெட்டை ஒரு அடி பின்னால் தொடர்ந்தபடி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே டீ ஆற்றுகிறது. அது என் குரல்தான்.

ஏப்ரலிலும் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எடுத்த அந்தப் பதிவில் நான்கே நான்கு சுரம், அந்த இறங்கி ஏறும் இடம் மட்டும். வாசித்துவிட்டு, "ப்ச், இது இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மறுபடி வாசிக்கிறார். அதற்கு முந்தைய மாதத்தில் இல்லை.

வகுப்பில் நான் நூறு தடவை சொன்ன பாடம் ஒன்று உண்டு. கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு மெட்டுப் போடாதீர்கள், விரல் பழகிய இடத்துக்கே மெட்டையும் இழுத்துக்கொண்டு போகும். வெறும் வாயால் பாடிப் பாருங்கள், பிறகு கார்டு தேடுங்கள். அதை என் மாணவர்களில் ஒருவர்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறார், பஸ்ஸில் நின்றபடி, கையில் கிட்டார் இல்லாமல். அதனால்தான் அந்த மெட்டு விரல் போகாத இடத்துக்குப் போனது. முப்பது வருடத்துக்கு மேல் ஜி ஸ்கேலில் ஒரு தடவைகூட எஃப் பக்கம் போகாத என் கை, ஒரு சாயங்காலத்தில் எப்படிப் போகும்? சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். அங்கே பூரித்துப் போய்விட்டு, அந்த மனிதரிடம் போய்ச் சந்தேகப்பட்டேன்.

இனி எழுதுவதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றியது மட்டும் இல்லை, ஏப்ரலில் இருந்து ஜூலை வரை நான்கையும் குறியிட்டு வைத்துவிட்டேன், பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. யாருக்கும் தெரியாது. பாட்டுத்தாள் அச்சாகி வந்துவிட்டது. டீச்சரிடம் ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. மனைவி உள்ளே இருந்து வந்து, "என்னங்க, காலையிலேருந்து ஒரே பாட்டையே போட்டுக்கிட்டிருக்கீங்க? அது அடைக்கலராஜ் அண்ணன் எப்பவும் வாசிக்கிறதுல்ல?" என்றார். என் மனைவிக்கு சுதியும் தெரியாது, ஸ்கேலும் தெரியாது. நான் கம்ப்யூட்டரை அழிக்காமல் மூடினேன். நல்லவன் என்பதால் இல்லை. வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதனால்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை மூன்று மணி ஒத்திகைக்குப் பதிவுகளைப் போனில் ஏற்றிக்கொண்டு போனேன். பங்குச் சாமியாரையும் வரச் சொன்னேன். யாரும் பாட ஆரம்பிக்கும் முன் தவக்காலப் பதிவு, மே மாதப் பதிவு இரண்டையும் ஒலிபெருக்கியில் போட்டேன். என் முனகல் மன்றம் முழுக்கக் கேட்டது. பிறகு, "இந்தப் பாட்டு அடைக்கலராஜோடது. நான் அவர்கிட்டேருந்து எடுத்திருக்கேன். எடுத்தது எனக்கே தெரியல. போன வாரம் அவர இங்க வெச்சுத் திருடன்னு சொன்னேன், இன்னைக்கு இங்கயே சொல்றேன், அது நான்தான்" என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பாட்டுத்தாளில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுப் பழைய பாட்டு ஒன்றைப் பாடுவது என்று முடிவாயிற்று. மூன்று வாரப் பயிற்சி வீண் என்று ஆண்கள் வரிசையில் முணுமுணுப்புக் கேட்டது. அது நியாயமான முணுமுணுப்புதான்.

சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சாமி. மொதல்ல எல்லாருக்கும் முன்னாடி சொல்லிரலாம்னு..."

"இருபது பேர்கிட்ட சொல்றதுக்குத் தைரியம் இருந்துச்சு. அந்த ஒருத்தர்கிட்டப் போறதுக்கு இல்ல. போங்க, மொதல்ல போங்க."

சரியாகப் பிடித்துவிட்டார். கூட்டத்தில் மன்னிப்புக் கேட்பவனைப் பார்த்தால் கொஞ்சம் பெரிய மனிதன் மாதிரி தெரியும். எதிரே தனியாக நிற்கிறவனிடம் அந்தச் சலுகை கிடைக்காது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவருடைய பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன். உட்கார இடம் இல்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். "எங்க சார்?" என்றார்.

"செந்துறை."

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டு போனது. வழக்கமாக அவர் பஸ்ஸில் ஏறினால் படியில் நின்று ஏதாவது முனகிக்கொண்டு வருவது கேட்கும். அன்று விசில் சத்தம் மட்டும்தான் கேட்டது.

செந்துறையில் பஸ் காலியானதும் அவர் டீக்கடைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். இரண்டு டீ சொன்னார், என்னைக் கேட்கவில்லை, ஆனால் இரண்டு சொன்னார். வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் போனை எடுத்து, "இதக் கொஞ்சம் கேளுங்க" என்று நீட்டினேன். சத்தத்தில் கேட்காததால் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். தவக்காலப் பதிவு ஓடியது. "ப்ச், இது இல்ல" என்று வரும் இடத்தில் அவர் புருவம் சுருங்கியது.

"இது நானு."

"ஆமா. தவக்காலம். நான் பாட்டுப் போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அடுத்ததுல நான் உள்ளருந்து முனகுறதும் கேக்கும். உங்க மெட்ட நான் டீ போடும்போது வாங்கிப் போட்டுக்கிட்டு, என்னோடதுன்னு சொல்லியிருக்கேன். கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

அவர் இரண்டாவது பதிவையும் முழுதாகக் கேட்டார். போனைக் காதில் இருந்து எடுத்தார். நான் எதிர்பார்த்தது வசவு. வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்ப நான் திருடலையா சார்?" என்றார்.

அவர் நீட்டிய போனை வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"நீங்க சொன்னப்ப, இருக்கும்னு நெனச்சுட்டேன் சார். நமக்கு எங்கேருந்து இப்படி ஒரு மெட்டு வரும்? உங்க வூட்ல வெச்சுத்தான் காதுல விழுந்திருக்கும், நான்தான் எனக்குத் தோணுனதுன்னு நெனச்சுக்கிட்டேன்னு... வாரம் பூரா யோசிச்சேன் சார். எழுதி வெச்சிருந்த நோட்டக் கிழிச்சுட்டேன். பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன், அப்பா தெரியாம சார் பாட்ட எடுத்துட்டேம்மா, அது வேணாம்னு."

தம்பிகளே, தங்கச்சிகளே, நான் இத்தனை வருடம் எவரையும் நம்பாமல் இருந்தேன். ஆனால் என்னை ஒருவர் எவ்வளவு நம்புகிறார் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் சொன்னேன் என்பதற்காக அந்த மனிதர் தன் காதை, தன் ஞாபகத்தை, தான் மாதக்கணக்கில் கஷ்டப்பட்டதை எல்லாம் பொய் என்று எடுத்துக்கொண்டார். திருட்டுப் பட்டம்கூட ஒரு நாள் போய்விடும். இது போவதில்லை. மாணவரைச் சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் தனியாகக் கேளுங்கள், கேட்கும் முன் உங்களிடம் இருக்கும் பதிவை முதலில் போட்டுப் பாருங்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன். விசாரிக்காமல் விட்டது என் காதைத்தான்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அடைக்கலராஜ் டீயை வைத்துவிட்டுத் தன் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். "சார், என் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா, அவளச் சமாதானப்படுத்தச் சொல்றேன்னு நெனப்பா" என்று என் கையில் கொடுத்தார்.

அந்தப் பெண்ணை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். "அம்மா, நான் உங்கப்பாவுக்குக் கிட்டார் சொல்லிக்குடுக்குற சார் பேசுறேன். உங்கப்பா அந்தப் பாட்ட எங்கிட்டேருந்து எடுக்கலம்மா. நான்தான் அவர்கிட்டேருந்து எடுத்துட்டேன்" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியும் சார்" என்றது அந்தப் பெண். "தெனம் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அத முனகி முனகி எங்க உசுர வாங்குனாரு. அவருக்குத்தான் தெரியாமப் போச்சு. போன அவர்கிட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். மகள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். டிரைவர் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தும் நகராமல், நோட்டில் கிழித்துப்போட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் போனில் சொல்லத் தொடங்கினார். நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. பாடிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

கல்யாணத்தில் அவரே வாசித்து அவரே பாடினார். என்னை வாசிக்கக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.